ஆச்சிக்கு நான் எழுதிய அரைப் பக்கம்

2020 ஜனவரியில் ஆச்சி இறந்த அன்று பெரிய மாமா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் கையில் கொடுத்து, "நீதான எழுதுறவ, ஜீவிய சரித்திரத்த எழுதிரு. அரைப் பக்கம் போதும், ஐயர் நீளமா வாசிக்க விடமாட்டாரு" என்றார். எங்கள் பக்கம் சபைப் போதகரைத்தான் ஐயர் என்போம். எங்கள் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) அடக்க ஆராதனைகளுக்குப் போனவர்களுக்கு இந்தத் தாளைத் தெரியும். பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெண்கள் சங்கத்தில் செய்த ஊழியம், கடைசியில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". பெயரையும் தேதிகளையும் மாற்றிவிட்டால் ஊரில் எந்த ஆச்சிக்கும் பொருந்தும். இருபது நிமிடத்தில் எழுதி முடித்தேன். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்துப் பார்த்தார். ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: "தமது 93 வருட வாழ்நாளில் ஒருநாளும் சபையின் ஐக்கியத்தை விட்டு விலகாதவர்." எழுதினேன். அன்று சாயங்காலம் மைக் முன்னால் நின்று அதை வாசிக்கவும் செய்தேன்.

அந்த வரி பொய். அது பொய் என்று மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், முன்வரிசையில் விசிறியோடு உட்கார்ந்திருந்த கிழவிகள் அத்தனை பேருக்கும் தெரியும். அப்படியானால் ஏன் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை? ஒருவேளை அது பொய்யே இல்லையோ? இத்தனை நாள் கழித்தும் இதை என்னால் முடிவு பண்ண முடியவில்லை. பஸ்ஸில் போகும்போது, அரிசி களையும்போது, சம்பந்தமில்லாத நேரத்தில் அந்த வரி என் குரலிலேயே வந்து கேட்கிறது. அதனால்தான் அந்த அரைப் பக்கத்தில் இல்லாததை இங்கே கொஞ்சம் நீளமாக எழுதிப் பார்க்கிறேன். இங்கே ஐயர் யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்.

எஸ்.பி.ஜி. பெண், சி.எம்.எஸ். மருமகள்

ஆச்சி நாசரேத் பக்கம் பிறந்தவள். 1946இல் கட்டிக்கொடுத்தது மெய்ஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். சைக்கிளில் போய்விடுகிற தூரம்தான், ஆனால் அந்தக் காலத்தில் அது வேறு தேசம். நாசரேத், முதலூர், இடையன்குடி எல்லாம் எஸ்.பி.ஜி. மிஷன். மெய்ஞ்ஞானபுரம், டோனாவூர், சுவிசேஷபுரம் எல்லாம் சி.எம்.எஸ். இரண்டும் இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன், மிஷன் சங்கங்கள்தான், இரண்டுக்கும் ஒரே பேராயர்தான். ஆனாலும் எஸ்.பி.ஜி.காரர்கள் பீடத்தைப் பார்த்துத் தலை வணங்குவார்கள், சி.எம்.எஸ்.காரர்கள் அதை ரோமாபுரிச் சங்கதி என்று சொல்லி உதட்டைப் பிதுக்குவார்கள். புதுப்பெண்ணாக முதல் ஞாயிறு கோயிலுக்குள் நுழைந்த ஆச்சி பழக்கத்தில் பீடத்தை நோக்கிக் குனிந்திருக்கிறாள். பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். மாமியார் வீட்டுக்கு வந்து, "இங்க அதெல்லாம் வேண்டாம்" என்றாளாம். ஆச்சி அடுத்த ஞாயிறும் குனிந்தாள். சாகும்வரை குனிந்தாள். கடைசி வருடங்களில் முதுகே குனிந்துவிட்டதால் வித்தியாசம் தெரியாமல் போனது வேறு விஷயம்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்திய திருச்சபை உருவானது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், சவுத் இந்தியா யுனைடெட் சர்ச் எல்லாம் சேர்ந்து. சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதைப் பெரிய வார்த்தைகளில் எழுதுவார்கள். ஆச்சியின் கணக்கு வேறு: "ஆகஸ்டுல நாட்டுக்கு விடுதல, செப்டம்பர்ல எனக்கு விடுதல. அதுக்கப்புறம் ஒருத்தியும் என்ன எஸ்.பி.ஜி.ன்னு சொல்ல முடியாதுல்லா."

தாத்தா பனையேறி. பங்குனியில் தொடங்கி ஆடி வரை காலையும் மாலையும் ஏறி இறங்குவார். கொண்டுவரும் பயினியை (பதநீரை) ஆச்சி விடிலி என்கிற ஓலைக் குடிசையில் உட்கார்ந்து காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றுவாள். அவர் 1962இல் மரத்திலிருந்து விழுந்து இறந்தபோது ஐந்து பிள்ளைகள், கடைக்குட்டிக்கு நான்கு வயது. இதை அரைப் பக்கத்தில் "இளம் வயதில் கணவரை இழந்து கர்த்தரையே பற்றிக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார்" என்று எழுதியிருந்தேன். சரியான வாக்கியம்தான். ஆனால் ஆச்சி கர்த்தரைப் பற்றிக்கொண்ட விதம் அந்த வாக்கியத்தில் இல்லை. அவள் வீட்டில் கடிகாரம் கிடையாது. சமையலுக்கு நேரம் பார்க்கிறது சங்கீதத்தில்தான். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்துக்கு 176 வசனம், எட்டெட்டு வசனமாக ஆலெப், பேத் என்று எபிரெய எழுத்துத் தலைப்புகள் வைத்துப் பிரித்திருக்கும். உலையில் அரிசி போட்டதும் ஆலெப்பில் தொடங்குவாள். "நூன் வந்திட்டு, கஞ்சிய வடிட்டி" என்பாள். நூன் என்பது எபிரெய எழுத்து என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரியும். அதுவரை சோற்றுப் பதத்துக்குப் பெயர் என்று நினைத்திருந்தேன்.

கொட்டான்

அடுப்படியில் ஒரு ஓலைக் கொட்டான் தொங்கும். உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துக் கொட்டானில் போட வேண்டும். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள், ஆராதனை முடிந்ததும் மற்ற காணிக்கைகளோடு ஏலம் போகும், பணம் ஊழியத்துக்குப் போகும். (மிசோரமிலும் இதே வழக்கம் இருக்கிறது, பெண்கள்தான் அங்கேயும். ஒருவரைப் பார்த்து ஒருவர் பிடித்ததாகத் தெரியவில்லை. அரிசி வேகிற அடுப்படிகளில் தானாகத் தோன்றுகிற யோசனை போலிருக்கிறது.) திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் சொந்தக் காசில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிய கதையை ஆச்சி ஞாயிறு பள்ளியில் கேட்டவள். தன் அரிசி ரயிலேறித் தோர்ணக்கல் போய்த் தெலுங்குப் பிள்ளைகள் தட்டில் விழுகிறது என்றே கடைசிவரை நம்பினாள். ஏலக்கணக்கை மாமா எத்தனையோ முறை விளக்கியும் அவள் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கொட்டான் மேல் தீராத கோபம். 1966இல் அரிசி கிடைக்காத வருடம். அடுத்த வருடத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்குறுதி கொடுக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்கும் கஞ்சித் தண்ணீர். அந்த நாட்களிலும் கொட்டானுக்குக் கைப்பிடி போனது. அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒருநாள் ஆச்சி விடிலிக்குப் போன நேரம் கொட்டானைக் கவிழ்த்து அத்தனையும் உலையில் போட்டுவிட்டாள். அன்றைக்கு எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள், ஆச்சியைத் தவிர. சாப்பிட்டு முடித்து கை கழுவும்வரை பொறுத்திருந்து, அப்புறம் அடித்தாள். "சாப்பிடுறதுக்கு முன்னால அடிச்சிருக்கலாம், அடிக்கல. அத யோசிச்சா கோவமும் முழுசா வர மாட்டேங்குது" என்பாள் அம்மா.

மூன்றாவது சாட்சி

1978இல் அந்த அம்மாதான் உடன் வேலை பார்த்த வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை போட்டு வளர்ந்தவர். அவர் மதம் மாறவில்லை, அம்மாவும் மாறவில்லை. 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவுத் திருமணம். அந்தச் சட்டத்தில் கல்யாணத்துக்கு 30 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது ஆபீஸ் சுவரில் தொங்கும். தொங்கியது. ஊர்க்காரர் ஒருவர் பத்திரம் பதியப் போன இடத்தில் அதை வாசித்துவிட்டு வந்தார். மாமாக்கள் குதித்தார்கள். ஆச்சி மூன்று நாள் சாப்பிடவில்லை, உபவாசமா கோபமா என்று யாருக்கும் தெரியாது.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பக்கத்து நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் வராததால் எல்லாரும் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, கையில் ஒரு மஞ்சள் பையோடு ஆச்சி பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருக்கிறாள். ஒன்றும் பேசவில்லை. போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஐந்தாம் வகுப்புப் படித்த கையெழுத்து, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. பையிலிருந்த கருப்பட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

ஆச்சியைப் பரந்த மனசுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா நரகத்துக்குத்தான் போவார் என்பதில் அவளுக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் குடும்ப ஜெபத்தில் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே, "இந்த வாத்தியாரத் தொடும் ஆண்டவரே" என்று சத்தமாக ஜெபிப்பாள். எல்லாரையும்விடப் பலமாக ஆமென் சொல்வது அப்பாதான். ஒருமுறை அவர் திருச்செந்தூரிலிருந்து பன்னீர் இலை விபூதியை மறதியாக எல்லாருக்கும் நீட்டியபோது அவளுக்கும் நீட்டிவிட்டார். "ஒம்ம சாமி ஒம்மட்டயே இருக்கட்டும் வாத்தியாரே. வெத்தல இருந்தாக் குடும்" என்றாள். கையெழுத்துப் போட ஏன் போனாள் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பெத்த பிள்ளைக்குச் சாட்சி சொல்ல ஊரானையா கூப்புடுவாவ?"

ஊர் அந்தக் கல்யாணத்தை மன்னித்திருக்கும், கையெழுத்தை மன்னிக்கவில்லை. பெண் ஓடிப்போனால் பெற்றவள் பாவம். கூட நின்று கையெழுத்துப் போட்டால் அது வேறு கணக்கு. கமிட்டி கூடியது. ஆச்சிக்கு நற்கருணை நிறுத்தப்பட்டது. யார் கூட்டினார்கள், எந்த ஐயர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம், பாதிப் பேர் இப்போது ஆச்சி பக்கத்திலேயே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். நிறுத்துவது என்றால் கோயிலுக்கு வரக்கூடாது என்பதில்லை. வரலாம், பாடலாம், பிரசங்கம் கேட்கலாம். அப்பமும் ரசமும் வாங்கப் பீடத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். நற்கருணை ஞாயிறுகளில் எல்லாரும் முன்னால் போகிற நேரம் ஆச்சி பாயிலிருந்து எழுந்து, பீடத்தைப் பார்த்து ஒருமுறை குனிந்துவிட்டு, பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவாள். பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். திடப்படுத்தல் எடுக்காத, அதனால் இன்னும் நற்கருணை வாங்க முடியாத பொடிசுகளும் அந்த நேரத்தில் அங்கேதான் விளையாடிக்கொண்டிருக்கும். முடிவு மணி அடித்ததும் உள்ளே வந்து பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஏழு வருடம்.

கொட்டான் அரிசியும் அந்த ஏழு வருடம் நிற்கவில்லை. அதை வேண்டாம் என்று எந்தக் கமிட்டியும் சொல்லவில்லை. "கையத் தடுத்தாவ, கைப்பிடியத் தடுக்கல" என்று அம்மா குத்திக்காட்டுவாள். ஆச்சி, "அரிசி தெலுங்குப் பிள்ளைகளுக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?" என்பாள்.

ஓலை

1985இல் சின்ன மாமாவுக்குக் கல்யாணம் கூடியது. பெண் வீட்டார் பெரிய சபைக்காரர்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று. ஓலை வாசிக்க வேண்டுமென்றால் பழைய விவகாரத்தை முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஐயர் மாறியிருந்தார், நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு கடிதம் போதும், இரண்டு வரி வருத்தம் தெரிவித்தால் போதும், நானே சபையில் வாசித்துவிடுகிறேன் என்றாராம். பெரிய மாமா எழுதினார். ஆச்சி கையெழுத்துப் போட்டாள். அடுத்த ஞாயிறு வாசித்தார்கள். அடுத்த மாதம் ஆச்சி பீடத்துக்குப் போனாள்.

அம்மாவுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்த விதம் மோசமானது. கடைத்தெருவில் ஒரு தூரத்துச் சொந்தம், "ஒங்கம்மை ஒங்கல்யாணத்துக்கு வந்ததுக்கு மன்னிப்புக் கேட்டிட்டாளாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள். அம்மா தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருடம் ஆச்சியோடு பேச்சில்லை. எனக்கு அப்போது நான்கு வயது. ஆச்சி திடீரென்று வராமல் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆச்சி கீழாநெல்லியோடு வந்து நின்றாள், கதவு திறந்தது, பேச்சும் தொடங்கியது. ஆனால் கடிதத்தைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதே இல்லை. ஊருக்குப் போனாலும் அந்தக் கோயில் படியை அம்மா மிதிக்கவில்லை.

எல்லாரும் சொல்லும் கதை இரண்டுதான். மாமாக்கள் கதையில் ஆச்சி சபையை விட்டு விலகாத தாய், நடுவில் நடந்தது ஒரு "தப்பர்த்தம்". அம்மா கதையில் ஆச்சி ஒரு மகனுக்காக ஒரு மகளை விற்றவள். என் வயது இருபதுகளில் நான் முழுக்க அம்மா கட்சி. கிழவி ஏழு வருடம் தாங்கினாளே, இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கக் கூடாதா என்று கோபப்பட்டிருக்கிறேன். இருபது வயதில் மற்றவர்கள் எவ்வளவு தாங்க வேண்டும் என்று சொல்வது மிக எளிது.

2009இல் ஒருநாள் கேட்டேவிட்டேன். ஆச்சிக்கு 82 வயது. முற்றத்தில் சுளகில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கடை அரிசியில் இப்போதெல்லாம் கல்லே இல்லை என்றாலும் பொறுக்குவாள். "ஆச்சி, அந்த லெட்டர்ல நீ கையெழுத்துப் போட்டது சரியா?" அவள் நிமிரவில்லை. "என்ன எழுதிருந்துன்னு ஒனக்குத் தெரியுமா?" தெரியாது என்றேன். "நடந்த காரியங்களுக்காக வருந்துகிறேன். அம்புட்டுதான். ஒங்க மாமன் முழுசா எழுதிக் கொண்டாந்தான், மகளுடைய மணத்துக்குச் சென்றதற்காகன்னு. அத அடிச்சிட்டுப் புதுசா எழுதுன்னேன். இல்லன்னா கையெழுத்து இல்லன்னேன்." ஒரு கல்லை எடுத்து வீசினாள், கல்தானா என்று நான் பார்க்கவில்லை. "வருத்தம் இருந்துதான. நடந்த எல்லாத்துக்கும் இருந்து. ஐயர் நெனச்சத அவரு வாசிச்சாரு. நான் நெனச்சது கர்த்தருக்குத் தெரியும்."

இதை அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ கேக்கலையே" என்றாள்.

நான் அன்றே தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஒன்ட்ட அப்படிச் சொன்னாளா கெழவி" என்று மட்டும் கேட்டாள். நம்பினாளா என்று தெரியாது. சில நாட்களில் எனக்கே சந்தேகம் வரும். எண்பது தாண்டிய ஒரு மனுஷி தன்னோடு சமாதானமாவதற்குக் கண்டுபிடித்த வரியாக அது இருக்கலாம். கடிதத்தைப் போய்ப் பார்க்கலாம்தான், பழைய ஃபைலில் கிடக்கும். நான் போகவில்லை.

ஒலிபெருக்கி

அடக்க ஆராதனை அன்று அம்மா கோயிலுக்குள் வரவில்லை. வீட்டிலிருந்து பெட்டியோடு நடந்து வந்தவள் படி வரை வந்து நின்றுவிட்டாள். மாமா கூப்பிட்டார், சித்தி கையைப் பிடித்து இழுத்தாள். "போங்க, நான் இங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்பாவோடு போய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நான் தாளோடு உள்ளே போனேன். என் முறை வந்தது. "ஒருநாளும் சபையின் ஐக்கியத்தை விட்டு விலகாதவர்" என்று வாசித்தபோது குரல் சற்று அடைத்தது, துக்கம் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். வெளியே மரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அம்மா அதைக் கேட்டிருப்பாள் என்ற நினைப்பு அடக்கம் முடியும்வரை என்னை விடவில்லை.

அன்று ராத்திரி பாயில் பக்கத்தில் படுத்திருந்தபோதுதான் அம்மா சொன்னாள். நான் வாசித்துக்கொண்டிருந்த நேரம், ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் வந்து மரத்தடியில் உட்கார்ந்தாராம். உடன்குடியில் மோட்டார் கடை வைத்திருக்கிறவர், அம்மாவுக்கு அவரைத் தெரியாது. "எக்கா, நீங்க ஆச்சி மகதான? ஆச்சி இங்கனதான் உக்காரும். நாங்கல்லாம் சுத்தி உக்காந்திருப்போம். கத சொல்லும்." அம்மா, "என்ன கத?" என்று கேட்டிருக்கிறாள். பைபிளில் வரும் யோனா கதையாம். மாசாமாசம் அதே கதை. கப்பல் ஏறுவான், புயல் அடிக்கும், கடலில் தூக்கிப் போடுவார்கள், மீன் விழுங்கும். மீன் வயிற்றுக்குள் என்னென்ன கிடந்தது என்று ஆச்சி ஆரம்பித்தால் முடிக்காது. நெத்திலி, சாளை, உடைந்த வல்லம், திருச்செந்தூர்க் கடலில் யாரோ தொலைத்த மோதிரம். ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு சாமான் சேரும்.

"யோனா வெளிய வாறதுக்குள்ள உள்ள மணி அடிச்சிரும்க்கா. அடுத்த மாசம் சொல்லுதேம்னு எந்திச்சிரும். ஏழு வருசமும் அவன வெளிய விடவே இல்ல" என்றாராம் அவர்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மோதிரம் கெடச்சிதான்னு கேட்டேன்" என்றாள் அம்மா. சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கு போட எழுந்தேன், வேண்டாம் என்றாள்.